பழைய பேய்ப் படங்களும் புதிய இரசிகர்களும்

எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்களின் பெட்டிகளோடு வீசிஆரும் நம் ஊர்களுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து இந்திப் பேய்ப் படங்களின் கேசட்டுகளும் வந்தன. மொழி புரியாமலேயே பார்த்தோம். இஷாவுக்குப் பின் கொல்லைப்புறத்திற்குத் தனியே செல்ல அஞ்சிய இரவுகளை நாம் மறைக்கப்போவதில்லை. ஆகவே, பார்க்காமலேயே பழிக்கிறார்கள் என்று எவரும் நம்மீது குறை கூற வேண்டாம்.

அப்படங்கள் இன்று கைப்பேசிகளில் மீண்டும் உலவுகின்றன. இம்முறை அவை அச்சமூட்ட வரவில்லை, சிரிப்பூட்ட வந்திருக்கின்றன. ‘கல்ட்’ என்று பெயரிட்டு, ரப்பர் முகமூடியையும் புகைமூட்டத்தையும் கண்டு நகைப்பதே இரசனை என்றாகிவிட்டது. இந்தச் சிரிப்பைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இவற்றை எடுத்த ராம்சே சகோதரர்கள் கேலிக்குரியவர்கள் அல்லர். கராச்சியில் வானொலிக் கடை நடத்திய ராம்சிங்கானி என்பவர் பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்து கடை வைத்தார், படமும் எடுத்தார். 1970-இல் அவர் எடுத்த படம் தோற்றது. ஆயினும், அதில் பிருத்விராஜ் கபூர் கோர முகமூடி அணிந்து திருடவரும் காட்சியை மட்டும் மக்கள் விரும்பிப் பார்த்ததை அவருடைய மகன்கள் கவனித்தனர். 1972-இல் ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ பிறந்தது. இரண்டு கஜ மண்ணுக்குக் கீழே, அதாவது கப்றுக்குள், என்பது அதன் பொருள். துளசியும் ஷ்யாமும் இயக்க, கங்கு ஒளிப்பதிவு செய்ய, கிரண் ஒலியைக் கவனிக்க, குமார் கதை எழுத, ஏழு சகோதரர்களும் குறைந்த செலவில் ஒரு குடும்பத் தொழிலை நடத்தினர். அவர்களின் உழைப்பில் நாம் பழுது காணவில்லை.

பழுது கதையில் இருக்கிறது. 1984-இல் பெருவெற்றி பெற்ற ‘புரானா மந்திர்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்ரி என்னும் கொடியவனை மன்னன் தண்டிக்கிறான்; அவன் சபிக்கிறான். சாபமோ மன்னனைவிட்டு அவன் வம்சத்துப் பெண்கள்மீது இறங்குகிறது. அவர்கள் பிரசவத்தில் மாளவேண்டும்! ஆண்கள் செய்த பகைக்குப் பெண்ணின் கருப்பை விலை கொடுக்கிறது. இடையிடையே அதே பெண்களைக் குளியலறையில் காட்டிக் கூட்டம் சேர்க்கவும் தயங்கவில்லை. முகமூடியைப் பார்த்துச் சிரிப்பவர்களின் கண்ணில் இது படுவதேயில்லை.

இதற்கு முந்தைய தலைமுறை இவ்வாறு இருக்கவில்லை. 1964-இன் ‘வோ கௌன் தீ’ தமிழில் ‘யார் நீ?’ என்று வந்ததைப் பெரியவர்கள் அறிவர். அங்கே பேய் என்பது சொத்துக்காக மனிதர் போட்ட வேடம். இறுதியில் வேடம் கலைந்துவிடும். ராம்சேக்களின் உலகிலோ பேய் உண்மை.

1988-இன் ‘வீரானா’வில் ஒரு மந்திரவாதி, சிறுமியின் உடலில் சூனியக்காரியின் ஆவியை ஏற்றுகிறான். அவள் வளர்ந்த பின்னர், அப்பாத்திரத்தில் ஜாஸ்மின் என்னும் நடிகை தோன்றினார். பின்னர் அவர் திரையுலகை விட்டு விலகிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தி. ஆனால் இரசிகர்கள் விடுவதாயில்லை! அவர் எங்கே, யாருக்கு அஞ்சி ஒளிந்தார், உயிரோடிருக்கிறாரா என்று காணொளிக்குமேல் காணொளியாக வதந்தி பரப்புகின்றனர். ஒரு பெண் தம் வாழ்வைத் திரைக்குள் மறைத்துக்கொள்ள விரும்பினால் அது அவருடைய உரிமை. புறம் பேசுவதை மார்க்கம் தடுக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாமே அக்காணொளிகளைக் குடும்பக் குழுக்களில் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

‘இன்று இவற்றை நம்புபவர் யார்?’ என்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினர். 28 பேர் மாண்டனர். அத்தீயைத் திரைப்படம் மூட்டியது என்று நாம் கூறவில்லை. நோயைப் பேய் என்று கருதும் மடமை திரைப்படத்தைவிட மிகப் பழையது. அந்த மடமைக்கு முகமும் குரலும் விரித்த கூந்தலும் கொடுத்தவை இப்படங்கள். ஜின்களின் இருப்பை நம்புவது நம் ஈமானைச் சார்ந்தது. நோயுற்ற பெண்ணை மருத்துவரிடம் காட்டாமல் தகடு எழுதுபவனிடம் இழுத்துச் செல்வது ஈமானில் எந்தப் பகுதி?

அண்மையில் நம் வீடொன்றில் ‘வீரானா’வின் ஒரு துணுக்கைப் போட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தனர். பத்து வயதுப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. “வாப்பா, மேல வீட்டு மாமி அன்னைக்குக் கீழே விழுந்தாங்களே, அவங்களுக்கும் இதுதானா?” என்று கேட்டது. அந்த மாமி வலிப்பு நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வருபவர்.