நாட் இருக்க ஃபயர்வால் எதுக்குன்னு கேக்கும் புண்ணியவான்களுக்கு...

ரெண்டு வாரமா வீட்ல ஒரே சண்டை. டெக்சாஸ்ல ஊருக்கு வெளிய ஒரு வீட்டை நாலு பேரா வாடகைக்கு எடுத்திருக்கோம். கேபிள் இல்ல, ஃபைபர் இல்ல, பக்கத்துல மாடுதான் இருக்கு. அதனால ஸ்டார்லிங்க் தட்டு. அது கூட வந்த ரவுட்டரை பைபாஸ் மோடுல போட்டுட்டு, பழைய பெட்டி ஒண்ணுல ஓப்பன்சென்ஸ் ஏத்தி நடுவுல வச்சேன்.

"நமக்குத்தான் பப்ளிக் ஐபியே இல்லியேடா, எவன் உள்ள வரப்போறான்? அந்தப் பெட்டியத் தூக்கிப் போடு"ங்கறான் ரூம்மேட். அவனும் பி.ஈ. தான். இவன் ஒருத்தன் சொன்னா விட்ருப்பேன். ஆபீஸ்ல நெட்வொர்க் தெரிஞ்ச ஆளுங்களும் இதையேதான் சொல்றாங்க. அதான் கடுப்பு.

அவங்க சொல்றதுல பாதி சரி. ஐபிவி4-ல பல வீட்டை ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி அடைச்சு வைக்கறாங்க (சிஜிநாட்). வெளிய இருந்து யாரும் நேரா வந்து கதவைத் தட்ட முடியாது. ஆனா அதே தட்டு வழியா ஐபிவி6-ம் வருதே சாமி! ஒரு வீட்டுக்கு /56, அதாவது 256 உள்வலைக்கு இடம். டிவி, கேமரான்னு ஒவ்வொண்ணுக்கும் உலகம் முழுக்க செல்லுபடியாகற முகவரி. அங்க நாட்டே கிடையாது. கதவைச் சாத்தறது ஃபயர்வால் விதி மட்டும்தான்.

சும்மா பயமுறுத்தல. போன மாசம் இதே புண்ணியவான் கேம் சரியா ஓடலைன்னு, வெளிய இருந்து வர்றது எல்லாத்துக்கும் அனுமதி போட்டு வச்சிருந்தான். தற்செயலாத்தான் பாத்தேன். போன்ல வைஃபையை அணைச்சுட்டு, மொபைல் டேட்டால எங்க வீட்டுக் கேமராவோட ஐபிவி6 முகவரியை அடிச்சேன். லாகின் பக்கம் வந்து நிக்குது. பாஸ்வேர்டு, டப்பால வந்ததேதான். அது ஹால் கேமரா. இன்னொரு ரூம்காரனோட ரெண்டு வயசுக் குழந்தை விளையாடற ஹால்.

2016-ல மிராய் இப்படித்தான், பாஸ்வேர்டு மாத்தாத கேமராவையும் டிவிஆரையும் படையா சேத்து டின் கம்பெனியவே சாய்ச்சுது. அந்தக் கேமராக்காரங்களும் "என் வீட்ல என்ன இருக்கு"ன்னுதான் நினைச்சிருப்பாங்க.

வானத்துல இருந்து வர்றதால பத்திரம்னு ஒரு கோஷ்டி வேற. 2022 பிப்ரவரி 24-ல வயாசாட்டோட கேஏ-சாட் மோடம்கள் ஆயிரக்கணக்குல செத்ததையும், மத்திய ஐரோப்பால 5,800 காத்தாலைகளைத் தூரத்துல இருந்து கண்காணிக்க முடியாமப் போனதையும் அவங்க படிக்கணும். அதை என் ஃபயர்வால் தடுத்திருக்காது, ஒத்துக்கறேன். கம்பெனி பக்கத்துக் கதவு அது. என் பக்கத்துக் கதவையாவது நான் சாத்த வேணாமா?

அடுத்த புகார், "பெட்டி போட்டா ஸ்லோ". 35,786 கிலோமீட்டர் உயரத்துல இருக்கற பழைய வகை சாட்டிலைட்டுக்கே கேள்வி போய் பதில் வர கிட்டத்தட்ட அரை செகண்டு. எங்க தட்டு பேசறது சில நூறு கிலோமீட்டர்ல இருக்கறதோட. நடுவுல என் பெட்டி எடுத்துக்கறது ஒரு மில்லி செகண்டு கூட இருக்காது.

ஒரே ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்ல. "யார் எந்த சைட் போறான்னு நீ பாக்கலாம்ல?" பாக்கலாம்தான். அதனால டிஎன்எஸ் லாகை அணைச்சுட்டேன், அட்மின் பாஸ்வேர்டை நாலு பேருக்கும் கொடுத்தாச்சு. கேமுக்கு அவன் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு போர்ட் திறந்து விட்ருக்கேன். கேமரா தனி உள்வலைல, வெளிய போகவே வழியில்லாம கிடக்கு. போன்ல ஹாலைப் பாக்க முடியலைன்னு திட்டறான், திட்டட்டும் :-)