நுரைக்கு என்ன விலை?

டி.வி.யில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் வருகிறார். ஈறு படத்தைக் காட்டுகிறார். பச்சைப் பச்சையாகக் கிருமிகள் நெளிகின்றன. பேஸ்ட் பாய்கிறது... கிருமிகள் காலி! கடைசியில் '99 சதவிகிதம்' என்று கொட்டை எழுத்தில் ஓர் எண்.

நான் படித்தது பி.காம். யாராவது சதவிகிதம் சொன்னால், 'எதில்?' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சோதனைக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலா, என் வாயிலா? தட்டில் கிருமி தனியாக மாட்டும். வாயில் அப்படி இல்லை சார். நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் பல்லின் மேல் பிசின் மாதிரி படலம் கட்டிக்கொண்டு கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஈறு நோயின் பெரிய தலையான 'போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்' குடியிருப்பதோ ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழும் பள்ளத்தில், காற்றுப் புகாத ஆழத்தில். ரெண்டு நிமிஷ நுரை அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

மொத்தமும் டுபாக்கூர் என்று சொல்ல மாட்டேன். ட்ரைக்ளோசான் கலந்த பேஸ்ட் பற்றிய 30 ஆய்வுகளை 2013-ல் காக்ரேன் அமைப்பு அலசியது. ஈறு வீக்கம் சுமார் 22 சதவிகிதம் குறைந்தது என்றது. அது கிருமிக் கணக்கு, இது ஈறுக் கணக்கு என்பார்கள் கம்பெனிக்காரர்கள். ஐயா, எனக்கு வேண்டியது ஈறுக் கணக்குதான்! எலும்பு வரை அரிக்கும் முற்றிய நோயைத் தடுக்கும் என்பதற்கோ உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதே ட்ரைக்ளோசானை 2016-ல் கை கழுவும் சோப்புகளில் போடக் கூடாது என்று அமெரிக்க அரசு தடுத்தது. 2019-ல் அங்கே கோல்கேட் டோட்டலும் அதைக் கைகழுவிவிட்டது.

பேஸ்ட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சொத்தையைத் தடுக்க அதிலுள்ள ஃப்ளூரைடு வேண்டும். ஆனால், படலத்தைச் சுரண்டி எடுப்பது பிரஷ். பேஸ்ட் சேர்ப்பதால் படலம் கூடுதலாக அகன்றுவிடவில்லை என்று 2016-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பே வந்தது. பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் மட்டும் பிரஷ் முழுக்க ஜிலேபி பிழிகிறார்கள். ஏன் என்று பி.காம் படிக்காதவருக்கும் புரியும்.

எனக்குக் கோபம் இருபது ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் இல்லை. ஈறில் ரத்தம் வந்தால் நாம் டாக்டரிடம் போவதில்லை, பேஸ்ட்டை மாற்றுகிறோம். இந்த நோய் சீக்கிரம் வலிக்காது. வலிக்கும்போது பல் ஆடிக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். இறுகிக் காரையாகிவிட்டதை எந்த ட்யூபும் கரைக்காது, க்ளீனிங்தான் வழி.

'ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள்' என்று ட்யூபின் முகப்பில், அந்த 99 போட்ட சைஸிலேயே அச்சடிக்கட்டுமே!