இரண்டு வருடத்தை எங்கே போய் வாங்குவது?

சிங்கப்பூரில் லாரிக்குக் காப்புறுதி எடுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. இந்த வகை வாகனம் ஓட்டிய அனுபவம் எத்தனை ஆண்டு என்று கேட்கும். போன வருடம் அதில் ‘1’ என்று உண்மையை எழுதினேன். அதற்காகவே, விபத்து என்று வந்தால் முதல் 3,500 வெள்ளியை நானே கட்டவேண்டும் என்று விதித்துவிட்டார்கள். சந்தாவும் கூடியது. என் லாரிக்கு நிரந்தர வேலை கேட்டுப் போன இடங்களிலும் அதே கேள்விதான். தொழில் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டுமாம், இரண்டு வருடக் கணக்கு காட்ட வேண்டுமாம். கடன் கேட்ட இடத்தில் அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். காரணம் கேட்டால் அங்கேயும் அந்த இரண்டு வருடம்.

அதை யாராவது கொடுத்தால்தானே எனக்கு வரும்? எல்லோரும் கேட்கிறார்கள், கொடுக்க ஆளில்லை.

நான் ஒன்றும் தெரியாமல் இறங்கவில்லை. மூன்றாம் வகுப்பு உரிமம் எடுத்து வேன் ஓட்டினேன். பிறகு நான்காம் வகுப்பு. வெறும் வண்டியின் எடை 2,500 கிலோவைத் தாண்டினால் அந்த உரிமம் வேண்டும். ஒரு கம்பெனியில் பதினான்கு மாதம் லாரி ஓட்டிவிட்டு, சேமிப்பைத் திரட்டி, ஒற்றை ஆள் தொழிலாகப் பெயர் பதிந்தேன். பதிவுக்கு ஆன செலவு 115 வெள்ளிதான். அவ்வளவு சுலபமாக உள்ளே விட்டவர்கள் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திக் கேட்பார்கள் என்று அப்போது தெரியவில்லை.

அம்மா வழிச் சொந்தம் திருச்செங்கோட்டில் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று அந்த வட்டாரமே லாரியால் வாழ்கிறது. அங்கே கிளீனராக ஏறினவன் சில வருடத்தில் ஸ்டீயரிங் பிடிப்பான். பிறகு பைனான்ஸில் பழைய வண்டி ஒன்றை எடுப்பான், கொஞ்சம் கொஞ்சமாக முதலாளி ஆவான். மாமா போனில் கேட்டார்: “ஏஞ்சாமி, சொந்த வண்டி எடுத்துட்டியாமா? இனி என்ன கவலை?” அவர் கண்ட உலகத்தில் வண்டி என்றால் சொத்து. இங்கே நான் வாங்கியது பெரும்பாலும் ஒரு காகிதம் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

அந்தக் காகிதம்தான், வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கவேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ். இங்கே அது 1990 மே மாதம் வந்தது. சரக்கு வண்டிக்கும் பேருந்துக்கும் சி பிரிவு. மாதம் இரண்டு முறை ஏலம், கேட்கவே 10,000 வெள்ளி முன்பணம். 2023 முதல் இந்தப் பிரிவு பெரும்பாலும் 60 ஆயிரம் வெள்ளிக்கு மேலேயே நிற்கிறது. சான்றிதழ் 72 ஆயிரம் என்று வைத்துக்கொண்டு, அது செல்லுபடியாகும் பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 600 வெள்ளி. டீசல் ஊற்றுவதற்கு முன், டயர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு முன், நாளுக்கு 20 வெள்ளி. நூறு லாரி வைத்திருக்கும் நிறுவனமும் ஒற்றை லாரிக்காரனும் ஒரே ஏலத்தில் ஒரே வரிசையில் நிற்கிறோம். அவர்கள் அந்தப் பணத்தை நூறு வண்டி மேல் பரப்பி வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுவார்கள். நான் யார் மேல் பரப்புவது?

சின்னத் தீவு, வண்டிகளுக்கு ஓர் அளவு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரை வசதிக்காக வாங்குகிறவர்கள் உண்டு. லாரியை வசதிக்காக வாங்குகிறவர் யார்? கார்க்காரருக்குக் குறிப்பிட்ட வயதுக்குள் வண்டியைக் கழித்தால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. சரக்கு வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. சான்றிதழில் மிச்சமிருக்கும் நாளுக்கான பணம் மட்டும்தான்.

அதனால் பழைய வண்டியாகப் பார்த்தேன். பின்னால் டெயில்கேட் வைத்த 14 அடி லாரி, சான்றிதழில் ஆறு வருடம் பாக்கி. கடன் 70 ஆயிரம். காருக்குக் கடன் கொடுப்பதில் நாணய ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு சரக்கு வண்டிக்கு இல்லை. முன்பணமே இல்லாமல்கூடக் கொடுக்க ஆளிருக்கிறது. அதை நல்ல செய்தி என்று நினைத்தேன். வட்டி 3.2 விழுக்காடுதான் என்றார்கள். ஆறு வருட வட்டி 13,440 வெள்ளி, மாதத் தவணை 1,159. நான் கட்டக் கட்ட அசல் குறைகிறது, வட்டியை மட்டும் கடைசி மாதம் வரை முழு 70 ஆயிரத்துக்கும் போடுகிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்கு வருகிறது. முப்பது வயதில் முதல் தடவை கடன் வாங்குகிறவனுக்கு இதை எடுத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நான் கேட்கவில்லைதான். என்ன கேட்கவேண்டும் என்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்?

வண்டியின் மொத்த எடை 5,000 கிலோவுக்கு மேல். அதனால் கனரக வாகன நிறுத்துமிடத்தில் இடம் பிடித்து, அதற்கான சான்று காட்டினால்தான் சாலை வரி கட்டமுடியும். நான் இருப்பது ஈசூனில், எனக்கு இடம் கிடைத்தது கிராஞ்சிப் பக்கம். விடிகாலை மூன்றரைக்கு ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை. சைக்கிள்தான். மழை நாளில் நனைந்துபோய் ஏறி உட்கார்ந்து, அப்படியே பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு ஓட்டுவேன். வெங்காயம், உருளை, வாழையிலை என்று ஏற்றிக்கொண்டு தேக்காச் சந்தைக்கு வரும்போது ஆறு மணிகூட ஆகியிருக்காது.

அந்த நேரத்திலேயே தேக்காவில் நிறுத்த இடமில்லை. சந்தையின் சரக்கு இறக்கும் இடத்தில் எனக்கு முன் நாலு லாரி நிற்கும். பஃபலோ ரோடு ஓரத்தில் ஒதுங்கினால் பின்னால் ஹாரன். கேம்பல் லேனை நடைபாதையாக்கிவிட்டார்கள், டன்லப் ஸ்திரீட்டில் 14 அடி வண்டியைத் திருப்புவதற்குள் உயிர் போய்விடும். ஒரு கடைக்கு எட்டு மூட்டை இறக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சம்மன் விழுந்த நாள்கள் உண்டு. ஒரு சம்மன், அன்றைய மூன்று கடைக் கூலி.

தேக்கா இருக்கும் இந்தச் சிராங்கூன் ரோட்டில் மாடு வளர்த்ததும் வண்டி பூட்டியதும் யார்? பஃபலோ ரோடு என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சைனாடவுனில் கிரேத்தா ஆயர் என்றால் மலாயில் தண்ணீர் வண்டி என்று பொருள். மாட்டு வண்டியில் தண்ணீர் சுமந்த காலத்தின் பெயர் அது, அந்த வண்டிக்காரர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். வண்டிக்காரர்கள் பெயரெடுத்த ஊரில் இன்று ஒரு வண்டிக்காரன் பத்து நிமிடம் மூச்சுவிட இடம் கேட்டு நிற்கிறான். எனக்கு இது வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. மனசு வலிக்கிறது.

அதைவிட வலிப்பது கூலிப் பணம். டீசலுக்குக் கையோடு காசு. அந்த டீசலுக்கு 2017-ல் லிட்டருக்கு 10 காசு வரி வந்தது, 2019-ல் 20 காசானது. தவணை ஐந்தாம் தேதி தானாகப் போய்விடும். எனக்கு வரவேண்டியது மட்டும் அறுபது நாள், தொண்ணூறு நாள். “தம்பி, பெரிய பில் ஒண்ணு வரணும், வந்ததும் மொத மொத உனக்குத்தான்” என்பார் ஒரு கடைக்காரர். நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுக்காமல் அனுப்பமாட்டார். அவருக்கும் வரவேண்டிய இடத்திலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிசையில் கடைசியில் நிற்பவன் நான். எனக்குப் பின்னால் இழுத்தடிக்க யாருமில்லை. கறாராகக் கேட்டால், “புதுசா வந்திருக்கீங்க தம்பி, கொஞ்சம் பொறுமை வேணும்” என்று பதில் வருகிறது. சுமை தூக்கும்போது யாரும் என்னைப் புதுசு என்று சொல்லவில்லையே?

சம்பளத்துக்கு ஓட்டிய காலத்தில் முதலாளி பங்காக 17 விழுக்காடு மத்திய சேமநிதியில் விழுந்தது. இப்போது அந்தப் பங்கைப் போட யாருமில்லை, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கு மட்டும் நானே கட்டவேண்டும். செயலி வழியாக விநியோகம் செய்கிறவர்களுக்கு 2025 ஜனவரி முதல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வேலை செய்யும்போது காயம்பட்டால் அவர்களுக்கு இழப்பீடு உண்டு. கடைக்காரரிடம் நேரே வேலை வாங்கும் நான் அதில் சேரமாட்டேன். டெயில்கேட்டில் விரல் சிக்கிப் பதினோரு நாள் ஓட்டாமல் கிடந்தேன். அந்தப் பதினோரு நாளும் என் கணக்கில்தான்.

2025 செப்டம்பர் முதல் கனரக வண்டி ஓட்ட இந்தியா, இலங்கை, வங்காளதேசத்திலிருந்தும் வேலை அனுமதியில் ஆள் எடுக்கலாம், குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம். வருகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனால் ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்ட கம்பெனிகள் இனி எதற்குக் கூப்பிடும்? போன மாதம் ஒரு கம்பெனி, டிரிப்புக்குப் பேசிய கூலியில் 15 வெள்ளி குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டது. முடியாது என்றேன். அந்த வேலை போய்விட்டது.

வண்டியை விற்றுவிடு என்று அப்பா சொல்லவில்லை. ஆனால் ஜாமீன் தாளில் போட்ட கையெழுத்து அவர் நினைப்பில் இருக்கிறது. மாதம் பிறந்தால், “தவணை போயிடுச்சாப்பா?” என்று மட்டும் கேட்பார்.

தேக்காக் கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நான் சரக்கு இறக்கி முப்பது நாளுக்குள் பணத்தைக் கொடுங்கள். ஏலம் நடத்துகிறவர்கள், ஒரே ஒரு லாரி வைத்திருப்பவனுக்குச் சான்றிதழ்ப் பணத்தை மாதா மாதம் கட்ட வழி செய்ய முடியுமா என்று யோசியுங்கள். விடிகாலை ஐந்திலிருந்து ஏழு வரையாவது பஃபலோ ரோட்டில் சரக்கு வண்டிக்கு இரண்டு கட்டம் கோடு போட்டு ஒதுக்குங்கள்.

இன்று தேதி மூன்று. நாலு கடையில் 2,860 வெள்ளி நிற்கிறது. காலையில் கேட்டுப் பார்த்தேன், ஒருவர் 300 கொடுத்தார். நாளை மறுநாள் 1,159 போய்விடும்.