ஆற்றுப்படுத்தும் பணியில் முதல் ஆண்டுகள்

ஆற்றுப்படுத்துநராகப் பணி தொடங்கும் இளைஞர் பலர், விரைந்து அறிவுரை வழங்குவதே உதவியென எண்ணுகின்றனர். வந்தவர் மூன்றாம் சந்திப்புக்கு வாராதொழிந்தால், தம் திறமையையே ஐயுறுகின்றனர். அமெரிக்க உளவியலார் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வலியுறுத்தியவையோ வேறு: பிறர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையற்ற மதிப்பு, போலியின்மை. இவை ஓராண்டில் கைவருவன அல்ல.

ஆகவே, அனுபவமிக்க மூத்தவர் ஒருவரைத் தவறாது கலந்து பேசுக. முன்னேற்றத்தை மட்டுமன்று, தடுமாறிய இடத்தையும் அவரிடம் கூறுக.

கேட்டவற்றை இல்லத்தில் பேசற்க. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை அளிப்போர் இரகசியம் காப்பதைக் கடமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து நேருமிடத்தில் அதுவே விலக்கும் அளிக்கிறது.

பெற்றோரே, மாலையில் உங்கள் மகளோ மகனோ மௌனமாய்த் திரும்பினால், “இன்று யார் வந்தார்?” என வினவாதீர்கள். உணவிட்டு, உடனிருங்கள்.