மாடியில் கத்திரிக்காய் காய்த்தால் காற்று சுத்தமாகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி பெஞ்சில் தூங்கினவர்களும் இதையாவது முழுசாகப் படியுங்கள்.

எண்ணூர்க் காற்றைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். கீழே வந்த பதில்களில் பாதி ஒரே மாதிரி. "எதுக்கு டீச்சர் புலம்பல்? மாடியில தோட்டம் போடுங்க, மருந்தில்லாத காய் சாப்பிடுங்க, நல்ல காத்து தானா வரும்." குடும்பக் குரூப்பில் ஒருத்தர் வீடியோவே அனுப்பிவிட்டார். பெங்களூர்ப் பக்கம் ஏதோ ஒரு மாடி. பச்சைப் பசேலென்று கீரை, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர். அந்தச் சட்டையை ஒருநாள் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காயப்போடச் சொல்லுங்கள்.

திருவொற்றியூரில் முப்பது வருஷமாகச் செடி வைக்கிறேன். பையில் கத்திரி, வெண்டை, மிளகாய். பந்தலில் அவரை, கொடிப்பசலை. ஓரமாகக் கற்பூரவல்லி, துளசி, கற்றாழை. வருஷம் முழுக்கப் பூக்க நித்யகல்யாணி, செம்பருத்தி, அரளி. உப்புக் காற்றுக்கும் உப்புத் தண்ணிக்கும் அசராத பூ என்றால் நித்யகல்யாணியும் அரளியும்தான். மல்லிகையை அப்படி நம்ப முடியாது. இவ்வளவும் வளர்க்கிறவள் என்பதால்தான் கோபம் வருகிறது.

காலையில் என் முதல் வேலை செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது இல்லை, இலையைக் கழுவுவது. கத்திரி இலையை விரலால் தேய்த்தால் கறுப்பாக வரும். அந்தத் தூசி வெயிலையும் தடுக்கிறது, இலையின் மூச்சுத் துளையையும் அடைக்கிறது. ஐந்தாம் வகுப்பில் நான் நடத்திய அதே ஒளிச்சேர்க்கைப் பாடம்தான். சரி, போர் தண்ணியை ஊற்றலாம் என்றால் உப்பு. ஆர்.ஓ. மெஷினில் கழிந்து வரும் தண்ணியைச் செடிக்கு ஊற்றச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். அது போர் தண்ணியை விட உப்பு. ஊற்றினால் முதலில் இலை ஓரம் காயும், பிறகு செடியே போய்விடும். லாரித் தண்ணியும் மழைத் தண்ணியும்தான் கதி. குடிக்க வந்த தண்ணியில் செடிக்கு எவ்வளவு என்று எங்கள் தெருப் பெண்கள் தினமும் கணக்குப் போடுகிறார்கள்.

இதுவரை சொன்னது சிரமம். இனிமேல் சொல்வது பயம்.

2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-க்கு மேல் போனால் மிக மோசம் என்று அர்த்தம். நம் மணலிக்கு 76.32. எழுபத்தாறு வாங்கி ஃபெயிலான பரீட்சை அது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல்தான் நின்றது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் செப்பாக்கம் என்று ஒரு ஊரே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கொசஸ்தலையாற்றில் கலந்து, எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த அமோனியா எதற்காக வந்தது தெரியுமா? உரம் செய்ய. எங்கேயோ ஒரு வயல் பச்சையாக இருக்க, எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது.

எண்ணெய்த் தண்ணி நின்று வடிந்த வாசலில் கீரை விதைக்கலாமா என்று எர்ணாவூரிலிருந்து என் பழைய மாணவி போனில் கேட்டாள். வேண்டாம் என்றேன். வாழைக்கும் கீரைக்கும் சாம்பல் தூவுவது நம் பாட்டி காலத்து வழக்கம். அது விறகுச் சாம்பல். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம் எல்லாம் உண்டு. ஈயம் மண்ணின் மேல் பரப்பிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிடும். தூசியைப் பிடித்து வைப்பதும், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சுவதும் கீரையில் அதிகம். தக்காளி, வெண்டை மாதிரிக் காய்களில் குறைவு. மேலே ஒட்டிய தூசி கழுவினால் போகும், உள்ளே போனது போகாது. குழந்தை ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் நம் பக்கத்தில் தரையில் கீரை வேண்டாம். பையில், வெளியிலிருந்து வாங்கிய மண்ணும் தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் போட்டு வையுங்கள்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு வைக்கலாமே டீச்சர்?" பண்ணலாம். எங்கே? மண்வள அட்டையில் 12 விஷயங்கள் பார்க்கிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, கார அமில நிலை என்று போகும் பட்டியல். விளைச்சல் கூட அது போதும். ஈயமும் காட்மியமும் அதில் இல்லை. நெல் வயலுக்காக எழுதிய கேள்வித்தாளைத் தொழிற்சாலைக்கு நடுவில் இருக்கும் வீட்டு வாசலுக்கும் கொடுத்தால் எப்படி?

2013-லிருந்து அரசு மானியத்தில் மாடித்தோட்டப் பை, விதை, நார்க்கழிவு எல்லாம் கொடுத்துவருகிறது. நல்ல திட்டம், நானும் வாங்கியிருக்கிறேன். ஜூன் 5 வந்தால் கம்பெனிகள் மரக்கன்று கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. புகைபோக்கி அவர்களுடையது, இலையைக் கழுவும் வேலை மட்டும் எங்களுடையதா? ராயபுரத்துக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், துறைமுகத்து நிலக்கரித் தூசி வீட்டுக்குள் எப்படி வந்தது என்று. அது நின்றது யாரும் துளசி நட்டதால் இல்லை. உயர் நீதிமன்றம் சொல்லி, 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதும் அங்கே இறக்கக்கூடாது என்று ஆனதால். அந்த நிலக்கரி பிறகு எண்ணூருக்கு வந்து சேர்ந்தது, அது இன்னொரு வயிற்றெரிச்சல்.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு நான் போகிறேன். திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் பள்ளிக்கூடத் தோட்டம், பூங்கா, வெள்ளம் நின்ற தெரு, எல்லா இடத்திலும் மண் எடுத்து ஈயம், காட்மியம், ஆர்செனிக், எண்ணெய் பார்க்க வேண்டும். முடிவை வார்டு ஆபீஸ் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். இதைத்தான் கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

அவரை விதையும் நித்யகல்யாணி நாற்றும் நிறைய இருக்கின்றன. வேண்டுமென்றால் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், பை நீங்களே எடுத்துவர வேண்டும்.