தண்ணிக் கூலரும் எங்கட அறைச் சூடும்

"புதுசா கொம்பியூட்டர் ஒண்டு பூட்டப் போறன், லிக்குயிட் கூலர் போடாட்டிச் சரிவராதோ?" எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது. கேட்கிறவர்களில் கனபேர் வாங்க நினைத்திருப்பது 65 வோட் புரொசெசர். எங்கள் பதில் சுருக்கமானது: தேவையில்லை. காரணம்தான் கொஞ்சம் நீளம்.

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. புரொசெசருக்கு மேலே இருக்கிற தகட்டில் சூட்டை வாங்கி, குழாய் வழியாக றேடியேட்டருக்குக் கொண்டுபோய், ஃபேன் ஊதுகிற காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று உங்கட அறைக் காற்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே அது போகாது. யூடியூப்பில் பார்க்கிற பரிசோதனைகள் பெரும்பாலும் இருபத்திச் சொச்சம் பாகையில், குளிரான அறைகளில் நடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசி மத்தியானம் ஏசி இல்லாத அறை 33 பாகைக்குச் சும்மா போகும். அங்கே 70 காட்டினது இங்கே 80ஐத் தொடும். கூலரில் பிழையில்லை, கணக்கு அப்படி.

இந்தக் கூட்டல் காற்றுக் கூலருக்கும் பொருந்தும். அப்ப இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? புரொசெசர் இழுக்கிற வோட் கூடக்கூடத்தான் அது தெரியவரும். கோர் ஐ9-14900கே உச்சத்தில் 253 வோட் வரை இழுக்கும். அதில் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் செய்கிறவருக்கு 360 மில்லிமீற்றர் றேடியேட்டர் நியாயமான தேவை, நாங்கள் மறுக்கவில்லை. கோர் ஐ5-12400எஃப்போ உச்சத்திலேயே 117 வோட்தான். கேம் விளையாடுகிறவர்கள் தேடித்திரிகிற றைசன் 7 7800எக்ஸ்3டி பெயரளவில் 120 வோட் என்றாலும், கேம்களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இழுக்கிறது. இவற்றுக்கு தேர்மல்றைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் தாராளம். ஆறு வெப்பக்குழாய், இரண்டு ஃபேன். லைட் எரியாது, அதுதான் குறை.

எங்களுக்குப் பெரிய கவலை பழுதாகிற நாள். காற்றுக் கூலரில் பழுதாவதற்கு ஃபேன் ஒன்றுதான் இருக்கிறது. 120 மில்லிமீற்றர் ஃபேன் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஐந்து நிமிட வேலை. லிக்குயிட் கூலரில் பம்ப் நின்றால் கதை முடிந்தது, முழுசாக மாத்தவேணும். பம்ப் நிற்காவிட்டாலும் வருடக்கணக்கில் குழாய் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பெரும்பாலானவற்றில் திரும்ப ஊற்றவும் வழியில்லை. வரண்டி இருக்கு என்பார்கள், உண்மைதான். ஆனால் கொழும்பில் வாங்கினதை பார்சல் கட்டி அனுப்பி, பதில் வரும்வரை கொம்பியூட்டர் மூடிக்கிடக்கும். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது என்றால் அந்த வரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரே சாமானை இரண்டுதரம் வாங்கிற வசதி எங்களில் எத்தனை பேருக்கு இருக்கு? அந்த மிச்சக் காசுக்கு நல்ல பவர் சப்ளையோ யூபிஎஸ்ஸோ வாங்கலாம். கரண்ட் போய் வருகிற ஊரில் அதுதான் முதல் தேவை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், றேடியேட்டர் உங்கட கேசிங்குக்குள் போகுமா என்று தடிப்பையும் சேர்த்து அளவுங்கள். ஆர்க்டிக் லிக்குயிட் ஃப்றீசர் 3இன் றேடியேட்டர் மட்டும் 38 மில்லிமீற்றர், ஃபேன் அதற்கு மேலே. பூட்டும்போது பம்ப்தான் ஆக உயரமான இடமாக இருக்கக்கூடாது. உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று மேலே போய்த் தேங்கும், பம்புக்குள் தேங்கினால் சத்தமும் வரும், ஆயுளும் குறையும். றேடியேட்டரைக் கேசிங்கின் கூரையில் பூட்டினால் இந்தத் தொல்லை இல்லை. புழுதியை மாதம் ஒருக்கா ஊதித் தள்ளுங்கள், றேடியேட்டர் இடுக்குகளில் அது படிந்தால் 360ம் 240 மாதிரித்தான்.

றைசன் 9 7950எக்ஸ் மாதிரிப் பெரிய புரொசெசர் வைத்திருக்கிறவர்கள் கடைக்குப் போக முன்னம் பயோஸுக்குள் போய் ஈகோ மோட்டை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. 170 வோட் புரொசெசரை 105க்கோ 65க்கோ இறக்கலாம், சதம் செலவில்லை. வழமையாகச் செய்கிற ரெண்டர் ஒன்றை முன்னும் பின்னும் ஓடவிட்டு, எத்தனை நிமிடம் கூடுது, எத்தனை பாகை குறையுது எண்டு குறிச்சு வையுங்கோ. அதைப் பார்த்த பிறகு கூலரின் விலையைப் பாருங்கோ.