பட்டம் வென்ற சென்னை அணி எங்கே போனது?

இது வாலிபால் பற்றிய பதிவு. கொஞ்சம் நீளம்தான். கிரிக்கெட் காலத்தில் வாலிபால் எதற்கு என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி, துவரங்குறிச்சி வட்டாரத்தில் இரண்டு கம்பம் நட்டு நெட் கட்டி ஆடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொது அறிவுக் கேள்வி. 2019இல் நடந்த புரோ வாலிபால் லீக்கில் பட்டம் வென்ற அணி எது?

வகுப்பில் கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். விடை, சென்னை ஸ்பார்ட்டன்ஸ். 2019 பிப்ரவரி 22 அன்று சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் இறுதி ஆட்டம். எதிரே காலிகட் ஹீரோஸ். அதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத அணி. அதை 15-11, 15-12, 16-14 என்று நேர் செட்களில் சென்னை வென்றது. நம் ஊர் அணி, நம் ஊர் அரங்கில், நம் மக்கள் முன்னால் வென்ற பட்டம்.

இப்போது இரண்டாவது கேள்வி. அந்த அணி இன்று எங்கே?

இல்லை. போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் இந்திய வாலிபால் கூட்டமைப்புக்கும் ஒப்பந்தம் முறிந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்த லீக் ஒரே ஆண்டோடு முடிந்தது. 2022இல் பிரைம் வாலிபால் லீக் என்று புதிதாகத் தொடங்கியபோது சென்னைக்கு ஒரு அணி வந்தது. அதன் பெயர் சென்னை பிளிட்ஸ்.

அதற்கு முன்னால் 2011இல் இந்தியன் வாலி லீக் என்று ஒன்று நடந்தது. ஆறு அணிகள். அதிலும் பட்டம் வென்றது சென்னைதான். அப்போது பெயர் சென்னை ஸ்பைக்கர்ஸ். அந்த லீக்கும் ஒரே ஆண்டு, அந்தப் பெயரும் ஒரே ஆண்டு.

ஆக, ஸ்பைக்கர்ஸ், ஸ்பார்ட்டன்ஸ், பிளிட்ஸ். பதினோரு ஆண்டுகளில் மூன்று பெயர். இரண்டு பட்டம். ஆனால் "நாங்கள் இரண்டு முறை சாம்பியன்" என்று சொல்லிக்கொள்ள ஒரு அணி இல்லை. சட்டப்படி மூன்றும் வேறு வேறு அணிகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்க்கப் போன மக்கள் ஒரே மக்கள்தானே?

லீக் நின்றுபோனால் அணி என்ன செய்யும் சார் என்று கேட்பீர்கள். 2019இல் ஆடிய ஆறு அணிகளில் காலிகட், கொச்சி, ஹைதராபாத், அகமதாபாத் ஆகிய நான்கும் 2022இல் தங்கள் பழைய பெயரோடுதான் திரும்பி வந்தன. 2024இல் லீக் முழுவதும் சென்னையில் நடந்தது. மார்ச் 21 இறுதி ஆட்டத்தில் டெல்லி தூஃபான்ஸ் அணியை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது காலிகட் ஹீரோஸ். ஐந்து வருடம் முன்பு எந்த ஊரில் தோற்றார்களோ, அதே ஊரில். அணித் தலைவர் ஜெரோம் வினித், 2019இல் தோற்றபோதும் காலிகட் சட்டையில் இருந்தவர். அவர் ஒரு தமிழர்!

கோழிக்கோட்டுக்காரர்களுக்கு இது பேரன் பேத்திக்குச் சொல்ல ஒரு கதை. தோல்வியும் வெற்றியும் ஒரே பெயரில் சேர்ந்தால்தான் அது வரலாறு. நமக்குப் பட்டம் இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை.

கொஞ்சம் ஜப்பான் பக்கம் போய் வருவோம். வாலிபாலுக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு, கபடிக்கும் நமக்கும் உள்ள உறவு மாதிரி. இன்றைய பிள்ளைகளுக்கு 'ஹைக்யூ' கார்ட்டூன் தொடர் மூலமாக அது தெரியும். அந்த நாட்டில் ஹிரோஷிமா தண்டர்ஸ் என்று ஒரு கிளப் இருக்கிறது. அதன் கதையை நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1931ஆம் ஆண்டு. புகையிலை வியாபாரம் அங்கே அரசாங்கத்தின் கையில் இருந்த காலம். ஹிரோஷிமாவில் இருந்த அந்தத் துறை அலுவலகத்தின் ஊழியர்கள் ஆரம்பித்த வாலிபால் அணி இது. பதினான்கு ஆண்டுகளில் அந்த ஊர் மீது அணுகுண்டு விழுந்தது. ஊர் எழுந்தது, அணியும் எழுந்தது. 1967இல் ஜப்பானில் தேசிய லீக் தொடங்கியபோது முதல் வருடமே அதில் ஆடியது. அன்றிலிருந்து ஒரு பருவம்கூட முதல் பிரிவிலிருந்து கீழே இறங்காத ஒரே ஆண்கள் அணி இதுதான்.

1985இல் அரசுத் துறை ஜப்பான் டொபாக்கோ என்ற கம்பெனியாக மாறியது. கம்பெனியின் சுருக்கப் பெயரான ஜேடி அணியின் பெயரிலும் சேர்ந்தது. 2024இல் எஸ்வி லீக் என்று புதிய அமைப்பு வந்தபோது கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை முன்னால் வைத்து, ஹிரோஷிமா தண்டர்ஸ் என்று ஆனது.

பெயர் மாறியிருக்கிறதே சார், நம்முடையது மாதிரிதானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. அங்கே பெயர் மாறும்போது ஊர் மாறவில்லை, ஆட்டக்காரர்கள் கலைந்து போகவில்லை, பழைய கணக்கைக் கிழித்துப் போடவில்லை. பள்ளிக்கூடம் நடுநிலையிலிருந்து உயர்நிலை, பிறகு மேல்நிலை என்று ஆகும்போது பெயர்ப் பலகை மாறும். தொடங்கிய ஆண்டு மாறாது அல்லவா? அது மாதிரி.

இந்த அணி முதல் முறையாக லீக் பட்டம் வென்றது எப்போது தெரியுமா? 2014-15 பருவத்தில். லீக் தொடங்கி 48 ஆண்டுகள் கழித்து. அணி தொடங்கி 84 ஆண்டுகள் கழித்து!

84 ஆண்டுகள் காத்திருந்து வென்ற அணி இன்றும் ஆடுகிறது. மூன்றே வாரத்தில் வென்ற நம் அணி அடுத்த வருடம் இல்லை.

ஜப்பானில் எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. சோவியத் யூனியனைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற ஜப்பான் பெண்கள் அணியில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலையின் ஆட்டக்காரர்கள். ஒசாகா பக்கத்தில் உள்ள நிச்சிபோ கைசுகா. தொடர்ச்சியாக 258 ஆட்டங்களில் வென்ற அணி. அப்பேர்ப்பட்ட அணியின் வாரிசான யூனிடிகா அணியையே கம்பெனி 2000இல் கைவிட்டது. ஆனால் அப்போதும் ஆட்டக்காரர்கள் தெருவில் நிற்கவில்லை. டோரே என்ற இன்னொரு ஜவுளிக் கம்பெனி அணியை எடுத்துக்கொண்டது. லாபக் கணக்கு அங்கேயும் உண்டு. ஆனால் கைமாறும்போது அணியை ஓர் ஆளைப் போல ஒப்படைக்கிறார்கள். நாம் பழைய சரக்கைப் போலத் தூக்கிப் போடுகிறோம்.

நமக்கு இந்த மாதிரி அணி புதிதா என்றால், இல்லவே இல்லை. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற பி.டி. வாத்தியார்கள் இந்த ஆட்டத்தைத் தமிழ்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு போனார்கள். கூட்டமைப்பு 1951இல் உருவாகி, முதல் தேசியப் போட்டி 1952இல் நடந்ததே சென்னையில்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜப்பானுக்கு அடுத்து வெள்ளி வாங்கியது இந்தியா. 1986 சியோலில் வெண்கலம். அர்ஜுனா, துரோணாச்சார்யா இரண்டு விருதுகளும் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன் நம் தமிழ்நாட்டுக்காரர்.

இவர்களையெல்லாம் உருவாக்கியது ஏலம் எடுக்கும் லீக் அல்ல. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தமிழ்நாடு காவல்துறை போன்ற நிறுவன அணிகளும் கல்லூரி அணிகளும்தான் இந்த ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்தன. ஹிரோஷிமாவின் புகையிலை அலுவலக அணிக்கும் பெரம்பூரின் ரயில்பெட்டித் தொழிற்சாலை அணிக்கும் பிறப்பில் வித்தியாசம் இல்லை. வேலை, சம்பளம், மாலையில் பயிற்சி, ஓய்வு பெறும் வரை பாதுகாப்பு. ஆனால் ஜப்பான் தன் நிறுவன அணிகளை ஊரின் கிளப்புகளாக வளர்த்தெடுத்தது. நாம் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஆங்கிலப் பெயரில் ஒரு அணியை வாங்கினோம்.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு பையன் நன்றாக எகிறி அடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அப்பா நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இதுல இவனுக்கு வேலை கெடைக்குமா?" முன்பு தயங்காமல் பதில் சொல்லலாம். ரயில்வே இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, வங்கி இருக்கிறது, ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது என்று. இன்று லீக்கைக் காட்டினால், அது வருடத்தில் ஓரிரு மாதம். மீதி மாதம்? அடுத்த வருடம் அந்த அணி இருக்குமா? இதற்குப் பதில் இல்லாதபோது எந்த அப்பா பையனைக் கோர்ட்டுக்கு அனுப்புவார்?

இது வாலிபாலோடு நிற்கவில்லை. டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் நம் திருச்சி அணியைப் பாருங்கள். முதலில் காஞ்சி வாரியர்ஸ், 2018இல் திருச்சி வாரியர்ஸ், 2023இல் வேறு பெயர், 2024இல் திருச்சி கிராண்ட் சோழாஸ். அந்தத் 'திருச்சி' அணியைப் பார்க்க நாம் துவரங்குறிச்சி தாண்டி நத்தம் போக வேண்டியிருக்கிறது! மாறாக, சூப்பர் கிங்ஸ் இரண்டு வருடம் தடையில் கிடந்து 2018இல் திரும்பியபோது மக்கள் அதே மஞ்சள் சட்டையோடு காத்திருந்தார்கள். பெயரும் நிறமும் மாறாததுதான் காரணம். தமிழ் தலைவாஸ் பெரிதாக ஜெயிக்காவிட்டாலும் 2017 முதல் அதே பெயரில் இருப்பதால் பிள்ளைகள் அதைச் சொந்த அணி என்கிறார்கள்.

"முதலாளி பணம் போடுகிறார், பெயர் வைக்கும் உரிமை அவருக்கு" என்பார்கள். சரி, வைக்கட்டும். முன்னால் விளம்பரப் பெயர் எதையாவது ஒட்டிக்கொள்ளட்டும். நான் கேட்பது சில விஷயங்கள்தான்.

1. சென்னை பிளிட்ஸ் என்ற பெயர் இனி மாறக் கூடாது. அணி கைமாறினாலும் பெயரும் வரலாறும் சேர்ந்தே கைமாற வேண்டும். 2011, 2019 பட்டங்களைச் சென்னையின் பட்டங்களாக எழுதி வைக்க வேண்டும்.

2. சொந்த ஊர் ஆட்டம் வேண்டும். 2022இல் லீக் முழுவதும் ஹைதராபாத்தில் நடந்தது. சென்னை அணி தன் சொந்த ரசிகர்கள் முன் ஆட 2024 வரை காத்திருந்தது. சென்னைக்கு வெளியேயும் வரட்டும். திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் இரண்டு ஆட்டம் வைத்துப் பாருங்கள், கூட்டம் வருகிறதா இல்லையா என்று.

3. முதலமைச்சர் கோப்பையில் மாவட்டம் மாவட்டமாகப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதிலிருந்தும் கிராமத்து மின்னொளிப் போட்டிகளிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை எடுத்து, அந்தக் கிளப்பே ஒரு ஜூனியர் அணி நடத்தட்டும். வருடம் முழுக்கப் பயிற்சி கொடுக்கட்டும்.

4. நிறுவன அணிகளை விட்டுவிடாதீர்கள். லீக் ஆடும் பிள்ளைக்கு மீதி மாதங்களில் ஒரு வேலையும் ஒரு கோர்ட்டும் வேண்டும். ரயில்வேயும் வங்கியும் காவல்துறையும் ஆள் எடுப்பது குறைந்தால் லீக்கும் காய்ந்துவிடும்.

5. பெண்கள் எங்கே? ஜப்பானுக்கு வாலிபாலில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தது நூற்பாலைப் பெண்கள். நம் பிரைம் லீக் ஆண்களுக்கு மட்டும். நம் பள்ளிகளில் அருமையாக ஆடும் பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு பந்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதலாளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நாம் நடத்தும் போட்டிகளுக்கு என்ன பதிவு இருக்கிறது? பிளெக்ஸ் பேனர் மறுவாரம் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிடுகிறது. யார் ஆடினார்கள், லிஃப்டர் யார், எந்த வருடம் யார் கோப்பை வாங்கினார்கள், கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, அணி, ஆட்டக்காரர் பெயர், ஸ்கோர். ஊர் மன்றத்தில் வைத்து வருடா வருடம் எழுதி வாருங்கள். ஹிரோஷிமாவிலும் 1931இல் பெரிய அரங்கத்தோடு ஆரம்பிக்கவில்லை. சில ஊழியர்கள், ஒரு பந்து, ஒரு நெட். அதை விடாமல் நடத்தினார்கள், மறக்காமல் குறித்து வைத்தார்கள்.

உங்கள் ஊர் அணியின் பெயர், தொடங்கிய வருடம், உங்களுக்கு நினைவிருக்கும் ஆட்டக்காரர்கள், இவற்றைக் கீழே எழுதுங்கள். பழைய மாணவர்கள் யாராவது இன்னும் ஆடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நானே தொகுத்து அடுத்த பதிவில் போடுகிறேன்.

பிடித்திருந்தால் பகிருங்கள்.